எண்ணெய்ச் சட்டியும் மார்பகப் புற்றுநோயும்: ஒரு நீண்ட தேடலின் வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் அம்மா, அக்கா, தங்கை, மனைவி, மகள் என்று யார் இருந்தாலும் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் ஒரு மாலை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டே என்னைப் பாடாய்ப் படுத்தியவள். இப்போது வயது 46. மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, கீமோ போய்க்கொண்டிருக்கிறது. தலையில் முக்காடு, கையில் மருந்துச் சீட்டுப் பை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். காபி கலக்கப் போனேன். "பால் வேணாம் டீச்சர், வெந்நி மட்டும் போதும்" என்றாள்.

விசாரித்தால், வாட்ஸ்அப்பில் அவளுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. கொழுப்புதான் புற்றுநோயை உடம்பு முழுக்கப் பரப்புகிறதாம்; ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் ஆபத்தாம். அன்றிலிருந்து எண்ணெய், தேங்காய், மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். இரண்டு மாதமாகக் கஞ்சியும் அவித்த காயும்தான். ஏழு கிலோ குறைந்துவிட்டது. உடம்பு தாங்காது என்று அடுத்த கீமோவை டாக்டர் தள்ளிவைத்திருக்கிறார்.

"டாக்டர் சாப்பிடச் சொல்லித் திட்டுறாங்க டீச்சர். ஆனா மனசு கேக்கல. எண்ணெயக் கண்டாலே அது எலும்புக்குள்ள போயிருமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

நான் மருத்துவர் இல்லை. 33 வருடம் வரலாறு எடுத்தவள். எங்கள் பாடத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு: ஒரு செய்தி வந்தால், யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்பது. மருந்தியல் படித்த என் மருமகளின் துணையோடு இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அதற்கு முன் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வெளியில் பேசாத விஷயம்.

1988ல் அக்காவுக்கு வயது 43. அத்தான் மலேசியாவில் வேலை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்தினாள். இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. யாரிடம் காட்டுவது என்ற வெட்கத்தில் ஒரு வருடம் மறைத்துவிட்டாள். பிறகு காட்டிய இடத்தில் "பால் கட்டி" என்று மாத்திரை கொடுத்தார்கள். முதுகு வலி வந்தபோது வாயுப் பிடிப்பு என்று நானே விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டேன். கடைசியில் சென்னைக்குக் கூட்டிப் போனபோது நோய் முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. 1990ல் போய்விட்டாள்.

கேதத்துக்கு வந்த உறவுக்காரர்களில் ஒருவர், "எந்நேரமும் பொரிச்ச மீனாத் தின்னா, அதான்" என்றார். அக்காவின் மூத்த மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது 17 வயது. அந்தப் பேச்சு சரியா, தவறா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பதில் சொல்லாமல் நின்றேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் புற்றுநோய் என்று பேச்சு எடுத்தாலே நம் மாவட்டத்துப் பெயர்தான் முதலில் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில், எதிர்ப்பை மீறி மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பள்ளியில் நான் பாடம் எடுக்கும்போது தேவதாசி ஒழிப்பையும் சட்டமன்றத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவருடைய தங்கையைப் பற்றிச் சொன்னதில்லை.

அந்தத் தங்கைக்குக் குடலில் புற்று. முதலில் அதை வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923ல் இறந்தார். டாக்டர் வீட்டிலேயே இப்படி. அந்தத் துயரத்தில்தான் தமிழ்நாட்டுக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி உறுதி எடுத்தார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த மருத்துவமனையே வீடு என்று வாழ்ந்தவர்.

இப்போது "பரவுவது" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புற்றுநோய் வருவது ஒன்று, வந்தது பரவுவது இன்னொன்று. மார்பகப் புற்றுநோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் மார்பில் உள்ள கட்டி இல்லை. அதிலிருந்து கிளம்பி எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை என்று குடியேறும் செல்கள்தான்.

இந்தக் குடியேற்றத்தைப் பற்றி முதலில் கூர்ந்து யோசித்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட். 1889ல் அவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துப் படித்தார். 241 பேருக்கு ஈரலில் கட்டி இருந்தது. மண்ணீரலில் 17 பேருக்குத்தான். இரண்டுக்கும் இரத்தம் போகத்தான் செய்கிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? அவர் சொன்ன பதில் நம் சம்சாரிகளுக்கு உடனே புரியும். விதை காற்றில் எல்லாத் திசையிலும் பறக்கும்; ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும். புற்றுச் செல் விதை, உறுப்பு மண்.

அப்படியானால் அந்த மண்ணுக்கு உரம் போடுவது எது? நாம் சாப்பிடும் கொழுப்பா? இதைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் சிகாகோவின் ஆல்பர்ட் டானன்பாம். 1942ல் அவர் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு அதிகம் கொடுத்த எலிகளுக்கு மார்பகக் கட்டி அதிகமாகவும் சீக்கிரமாகவும் வந்தது. கூடவே இன்னொன்றையும் அவர் கண்டார்: மொத்த உணவையே குறைத்துக் கொடுத்த எலிகளுக்குக் கட்டி குறைந்தது. குற்றம் கொழுப்பிலா, அளவுக்கு மீறிய சாப்பாட்டிலா? இந்தக் கேள்வி அன்று தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

1975ல் கனடாவின் கென்னத் கேரல் ஒரு வரைபடம் போட்டார். ஒரு பக்கம் ஒவ்வொரு நாட்டிலும் ஆள் ஒன்றுக்குக் கிடைக்கும் கொழுப்பு, மறு பக்கம் மார்பகப் புற்றால் இறப்பவர்கள். ஜப்பானும் தாய்லாந்தும் கீழே, டென்மார்க்கும் நெதர்லாந்தும் மேலே. புள்ளிகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் ஏறின. அமெரிக்காவுக்குக் குடிபோன ஜப்பானியக் குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை இந்த நோய் கூடியதும் அதற்கு வலுச் சேர்த்தது. கொழுப்புதான் குற்றவாளி என்று ஊர் முழுக்கப் பேச்சு.

ஆனால் பணக்கார நாட்டில் கொழுப்பு மட்டுமா அதிகம்? பெண்கள் தாமதமாகப் பிள்ளை பெறுவார்கள், குறைவாகப் பெறுவார்கள், உடல் எடை கூடும், உழைப்பு குறையும். இவையெல்லாம் மார்பகப் புற்றோடு தொடர்புள்ளவை. தீர்ப்பை மாற்றியது 1987ல் வந்த ஒரு பெரிய ஆய்வு. அமெரிக்காவில் 89,538 நர்சுகளிடம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, நான்கு வருடம் கவனித்தார்கள். கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் நோய் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை.

இதற்கிடையில் நம் அடுப்படியில் என்ன நடந்தது?

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் எண்ணெய் ஒரு மரியாதையான பொருள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆழாக்குக் கணக்கில் வரும். குழம்பில் தாளிக்க ஒரு கரண்டி, அவ்வளவுதான். சூடை, காரல், நகரை என்று கடலில் கிடைத்தது குழம்பாகத்தான் கொதிக்கும். பொரிப்பது விருந்தாளி வந்தால். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா. பலகாரம் தீபாவளிக்கும் பெருநாளுக்கும். 1937ல் இந்தியாவுக்கு வந்த டால்டா எங்கள் பக்கம் கல்யாண வீடுகளில்தான் முதலில் நுழைந்தது. 1994ல் பாமாயில் இறக்குமதிக்கு வழி திறந்தபிறகு காட்சி மாறியது. பிறகு ரேஷன் கடையிலேயே 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாலை நேரம் நடந்து பாருங்கள். பரோட்டா, வடை, சிக்கன் பக்கோடா, பொரித்த மீன். ஒரே சட்டி எண்ணெய் கறுத்துப் போகும்வரை காய்கிறது. 1950களின் தொடக்கத்தில் ஒரு இந்தியர் வருடத்துக்குச் சுமார் இரண்டரை கிலோ சமையல் எண்ணெய் சாப்பிட்டார். இப்போது 19 கிலோவைத் தாண்டிவிட்டது.

அதே காலத்தில் நோயின் கணக்கும் மாறியது. 1982 முதல் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு எழுதப்படுகிறது. அடையாறு மருத்துவமனைதான் அதை நடத்துகிறது. ஆரம்ப வருடங்களில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இருபது வருடத்துக்குள் அது இறங்கி, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது. எண்ணெயும் ஏறியது, நோயும் ஏறியது. உடனே முடிச்சுப் போடத் தோன்றும். கேரல் வரைபடத்தில் நடந்த அதே அவசரம்தான் இது. நம் ஊரிலும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது, கல்யாண வயது கூடியது, நாற்று நடவும் உரலும் போய் மிக்சியும் டிவியும் வந்தன.

தென்னிந்தியப் பெண்களிடமே செய்த ஆய்வு ஒன்று உண்டு. 2008ல் வெளியானது. நோய் வந்த 1,866 பெண்களையும், ஏறக்குறைய அதே அளவு நோய் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டார்கள். உடல் பருமனும் பெருத்த இடுப்புச் சுற்றளவும் நோயோடு சேர்ந்து வந்தன. இதற்குக் காரணம் ஓரளவு தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உடம்பின் கொழுப்புத் திசுவே தயாரிக்கிறது. பல மார்பகப் புற்றுகளுக்கு அந்த ஹார்மோன்தான் தீனி. ஆக, தட்டில் உள்ள கொழுப்பைவிட, இடுப்பில் தங்கிவிட்ட கொழுப்பின் மேல் சாட்சியம் பலமாக இருக்கிறது.

சரி, என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நோய் வந்துவிட்ட பெண் கொழுப்பைக் குறைத்தால் அது திரும்பி வராமல், பரவாமல் இருக்குமா? இதை நேரடியாகச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தன.

முதலாவது 2006ல் வெளியானது. சிகிச்சை பெற்ற 2,437 பெண்கள். ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்தார்கள். ஐந்து வருடத்தில் அவர்களில் 9.8 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களில் 12.4 விழுக்காடு. சிறிய நன்மைதான், ஆனால் நன்மை.

இரண்டாவது 2007ல் வந்தது. 3,088 பெண்கள். கொழுப்பைக் குறைத்துக் காய்கறி, பழங்களை நிறையக் கூட்டினார்கள். ஏழு வருடத்துக்கு மேல் கவனித்தபோது இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை: 16.7, 16.9.

ஏன் இந்த முரண்? முதல் ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு எடையும் கொஞ்சம் குறைந்திருந்தது, இரண்டாவதில் குறையவில்லை. அதுதான் காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

நோய் இல்லாத 48,835 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வும் உண்டு. எட்டு வருட முடிவில் புதிதாக நோய் வருவது 9 விழுக்காடு குறைந்தது; ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள். ஏறத்தாழ இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, கொழுப்பைக் குறைத்த பிரிவில் மார்பகப் புற்றால் நேர்ந்த சாவு சுமார் 21 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்தப் பெண்கள் காய், பழம், தானியத்தையும் கூட்டியிருந்தார்கள் என்பதால், எல்லாப் பெருமையையும் கொழுப்புக் குறைப்புக்கே கொடுக்க முடியாது.

இங்கே ஒரு கணக்கை என் மாணவியிடம் அழுத்திச் சொன்னேன். நன்மை கண்ட அந்த முதல் ஆய்வில், கொழுப்பைக் குறைத்த பெண்களும் ஒரு நாளைக்குச் சுமார் 33 கிராம் கொழுப்பு சாப்பிட்டார்கள். யாரும் பூஜ்யத்துக்குப் போகவில்லை.

அப்படியானால் வாட்ஸ்அப் செய்தி எங்கிருந்து வந்தது? முழுப் பொய்யும் இல்லை. 2017ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பெனிட்டா என்ற விஞ்ஞானியின் குழு ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தது. புற்றுச் செல்களில் எல்லாம் ஊர்விட்டுப் போகும் வல்லமை உள்ளவை இல்லை. அந்த வல்லமை உள்ள சிலவற்றின் மேல் சிடி36 என்ற ஒரு வாசல் அதிகமாக இருந்தது. கொழுப்பை உள்ளே இழுக்கும் வாசல் அது. எலிகளுக்கு மனிதர்களின் வாய்ப் புற்றுச் செல்களைச் செலுத்தி, பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பைக் கொடுத்தபோது நோய் அதிகம் பரவியது. அந்த வாசலை அடைத்தபோது பரவல் பெரும்பாலும் நின்றது. மார்பகப் புற்றுச் செல்களிலும் இந்த வாசலுக்குப் பங்கு இருப்பதைக் கண்டார்கள். 2021ல் அதே குழு, பால்மிட்டிக் அமிலத்தில் பழகிய செல்கள் அந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றன என்று காட்டியது.

இந்த பால்மிட்டிக் அமிலம் பாமாயிலில் நிறைய உண்டு. நெய், வெண்ணெய், இறைச்சியிலும் உண்டு. (பாமாயில் நம் பனைமரத்துச் சரக்கு இல்லை, எண்ணெய்ப் பனை வேறு மரம். நம் பனையைத் திட்டிவிடாதீர்கள்.) "அப்போ சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிடலாமா டீச்சர்?" என்றாள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2025ல் நியூயார்க் விஞ்ஞானிகள், சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களில் அதிகமுள்ள லினோலிக் அமிலம், ஹார்மோன் சிகிச்சைக்கு மசியாத ஒரு வகை மார்பகப் புற்றின் வளர்ச்சியை எலிகளில் தூண்டுவதைக் கண்டார்கள். ஆனால் லினோலிக் அமிலம் இல்லாமல் மனித உடம்பு இயங்காது. நம் உடம்பால் அதைத் தயாரிக்கவும் முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும்.

இவையெல்லாம் எலிகளிலும் கண்ணாடித் தட்டுகளிலும் கிடைத்த அறிவு. நாளைக்கு இதிலிருந்து ஒரு மருந்து வரலாம். அந்த வாசலை அடைக்கும் மருந்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இதில் எந்த விஞ்ஞானியும் கீமோ எடுக்கும் பெண்ணைப் பார்த்து, மீனையும் பாலையும் விட்டுவிடு என்று சொல்லவில்லை. எலிக்கூண்டில் கண்டதை வாட்ஸ்அப்காரர் மீமிசல் அடுப்படிக்கு உத்தரவாக மாற்றிவிட்டார்.

எண்பது வருடத்துக்கும் மேலான வரலாற்றைப் படித்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். எண்ணெயை அளந்து ஊற்றுவது நல்லது. காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருப்பது நல்லது. இடுப்பு பெருக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. ஆனால் சிகிச்சையில் இருக்கும் பெண், டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது தன் பக்கத்துப் படையைத் தானே கலைப்பது மாதிரி. எந்த எண்ணெயை விடுவது என்ற கேள்வியைவிட, கட்டி தெரிந்த நாளுக்கும் டாக்டரிடம் காட்டிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் போனது என்ற கேள்வி பெரியது. முத்துலட்சுமியின் தங்கையும் என் அக்காவும் தோற்றது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே பெண்களே, மார்பில் கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளே இழுப்பது, இரத்தக் கசிவு, அக்குளில் நெரி எது தெரிந்தாலும் வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை செய்கிறார்கள். மேல்சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்களே, வீட்டுப் பெண் சொல்ல வெட்கப்படுவாள்; நீங்கள் கேளுங்கள்.

அன்று நான் பேசி முடித்ததும் அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அப்போ நான் தின்னதாலதான் இது வந்துச்சுன்னு இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். எண்ணெயைப் பற்றி அவள் இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம் இதைக் கேட்கத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இல்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அடுப்படியில் சூடைமீன் குழம்பு இருந்தது. கொஞ்சம் சோறு போட்டு ஊற்றிக் கொடுத்தேன். டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்றாலும், டீச்சர் சொன்னால் சாப்பிடுகிறார்கள்! போன வாரம் போன் பண்ணினாள். எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறதாம், கீமோவுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம்.

அன்று இரவே அக்காவின் மூத்த மகளுக்கும் போன் போட்டேன். அவளுக்கு இப்போது 50 வயது தாண்டிவிட்டது. கேத வீட்டில் அந்த உறவுக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "மறக்குமா சித்தி" என்றாள். 1990ல் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவளிடம் சொன்னேன். அம்மாவுக்கு வந்திருப்பதால் நீயும் வருடா வருடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். போகிறேன் என்றிருக்கிறாள். போனாளா என்று அடுத்த வாரம் கேட்பேன்.

பதிவில் பிழை இருந்தால் மருத்துவம் படித்த என் மாணவர்கள் கீழே திருத்துங்கள்.